பூமிக்குள் குடிபோகப் பார்த்த முனைவர்

பித்தும் பேனாவும் – 14

பூமியின் உள்பக்கம் வெற்றுக்கூடு, இரண்டு துருவத்திலும் வாசல் உண்டு என்று 1818இல் நோட்டீஸ் அடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிய ஜான் சிம்ஸைப் போன வாரம் பார்த்தோம். அதே வாசலுக்கு 1964இல் வந்து நின்றவர் பெரிய படிப்பாளி. புத்தக அட்டையில் பிஎச்.டி. வரை போட்டுக்கொள்வார். பட்டம் அசல்தான், பெயர்தான் புனைவு. ரேமண்ட் பெர்னார்டு என்று எழுதியவரின் நிஜப் பெயர் வால்டர் சீக்மைஸ்டர். ருடால்ஃப் ஸ்டைனரின் கல்விமுறையை ஆராய்ந்து, 1932இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர்.

வாத்தியாராகப் போயிருக்கலாம். போகவில்லை. சமைக்காத பழமும் காயும்தான் மனித உணவு என்றார். விந்தைக் காப்பதே ஆயுளைக் காப்பது என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். நம்மூர் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரத்தைப் படித்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. பெண்கள் ஆண் துணையின்றியே கருத்தரிக்க முடியும் என்பது வரை போனார்.

இப்படி வாழக் கெடாத மண் வேண்டுமே! ஃப்ளோரிடாவில் தேடினார். ஈக்வடாருக்குப் போனார். கடைசியில் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்துக்கு வந்து, சுத்தமாக வாழ விரும்புகிறவர்கள் இங்கே வந்து குடியேறுங்கள் என்று அழைத்தார். அதற்குள் வானத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தொடங்கிவிட்டன. கதிர்வீச்சுத் தூசுக்கு எந்த நாடு வேலி போடும்? தரைக்கு மேலே இடமில்லை என்றானபின் அவர் தரைக்குக் கீழே பார்த்தது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பிரேசிலின் தியோசபிக்காரர்கள் (இவர்கள் நம் அடையாறு சங்கத்தார் அல்ல, தனிக்கடை) பாதாள நகரமான அகார்த்தாவைப் பற்றிச் சொல்ல, இவர் சுரங்க வாசலைத் தேடத் தொடங்கினார்.

அந்தத் தேடல்தான் 1964இல் 'தி ஹாலோ எர்த்' புத்தகமாக வந்தது. அதில் முக்கிய சாட்சி, துருவப் பயணங்களால் பேர்பெற்ற அமெரிக்கக் கடற்படை அட்மிரல் பைர்டு. 1947 பிப்ரவரியில் அவர் வடதுருவத்தைத் தாண்டி 1,700 மைல் உள்ளே பறந்து, பச்சைக் காட்டைப் பார்த்தாராம். வடதுருவத்திலிருந்து எந்தத் திக்கில் 1,700 மைல் போனாலும் சைபீரியாவோ அலாஸ்காவோ, ஏதோ ஒரு தெரிந்த இடம்தான் வரும். அது கிடக்கட்டும். அந்த மாதம் பைர்டு இருந்தது அண்டார்டிகாவில். அமெரிக்கக் கடற்படைப் பயணத்தோடு உலகத்தின் மறுகோடியில். முனைவர் பட்ட ஆய்வுக்கு அடிக்குறிப்பு எழுதிப் பழகியவர் இதை மட்டும் சரிபார்க்கவில்லை. ஒரு வாசல் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தார் அவர்.

புத்தகம் நன்றாகவே ஓடியது. ஆனால் அடுத்த வருடமே, 1965இல், பிரேசிலில் நிமோனியா கண்டு இறந்தார். வாசகர்களில் சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாசலைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

(தொடரும்)