பஞ்சாரத்துக்குள்ளே ஒரு வரலாறு

எங்க அப்பத்தாவோட பதினாலு கோழிகளைக் கொன்னவன் நான்தான். இதை இவ்வளவு நாளா வெளியில சொன்னதில்லை.

2019ல வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினேன். எல்லாரும் அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு வாட்ச்னு வாங்குவாங்க. நான் கொஞ்சம் வித்தியாசமா யோசிச்சு (அங்கதான் ஆரம்பிச்சது வினை) வாரச்சந்தையில மூணு நாட்டுக்கோழி வாங்கிட்டு சிவகங்கைப் பக்கம் இருக்குற எங்க ஊருக்குப் போனேன். அப்பத்தாவுக்கு ஏக சந்தோஷம். தூக்கிப் பார்த்து, றெக்கையை விரிச்சுப் பார்த்து, மூணையும் கால்ல கயிறு கட்டி, வீட்டுக்குப் பின்னால வேப்பமரத்தடியில தனியாக் கட்டிப் போட்டுச்சு.

"ஏ அப்பத்தா, பாவம், அவுத்து விடு"ன்னேன்.

"இருக்கட்டும் ராசா. புதுக்கோழி. எட்டு நாளைக்கு அங்கனயே கெடக்கட்டும்."

சந்தையில இருந்து வந்த கோழி வீடு பழகாம ஓடிப்போயிடும்னுதான் கட்டுறாங்கன்னு நினைச்சேன். சாயங்காலம் அது கடைக்குப் போன நேரத்துல கயித்தை அறுத்து விட்டுட்டேன். மூணும் மத்த கோழிகளோட குப்பைமேட்டுல மேயுறதைப் பார்த்து ஒரு போட்டோ வேற எடுத்துக்கிட்டேன்.

அஞ்சாம் நாள் அதுல ஒண்ணு றெக்கையைத் தொங்கப் போட்டு உக்காந்துச்சு. பச்சையும் வெள்ளையுமாக் கழிச்சல். அப்புறம் ஒவ்வொண்ணாக் கழுத்தைத் திருகிக்கிட்டு விழுந்துச்சு. பதினேழு உருப்படியில மிஞ்சினது மூணு. நான் அதுக்குள்ள பெங்களூர் திரும்பிட்டேன். விஷயம் போன்லதான் தெரியும். அப்பத்தா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம்தான் கோழியைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். குற்ற உணர்ச்சியில ஆரம்பிச்ச படிப்பு, எங்கெங்கயோ இழுத்துட்டுப் போச்சு. அதுல கொஞ்சம் உங்களுக்கும்.

முதல்ல, கோழி எப்ப நம்ம வீட்டுக்கு வந்துச்சு? பழைய புத்தகங்கள்ல 8000 வருசம், 10000 வருசம்னு எல்லாம் போட்டிருக்கும். 2022ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இதை எல்லாம் மறுபடி சரிபார்த்தது. நிச்சயமா வீட்டுக்கோழின்னு சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்துல பான் நோன் வாட்ங்கிற இடத்துல கிடைச்சவை. காலம் கி.மு. 1650 முதல் 1250க்குள். அந்த ஆய்வு சொல்ற காரணம்தான் எனக்குப் பிடிச்சது. மனுசன் காட்டுக்குள்ள போய்க் கோழியைப் பிடிச்சுட்டு வரலை. நெல்லும் தினையும் விதைக்க ஆரம்பிச்சதும், சிந்தின தானியத்தைப் பொறுக்கக் காட்டுக்கோழி தானா மரத்துல இருந்து இறங்கி வந்துச்சு. அதாவது முதல் கோழி அழையா விருந்தாளி :)

அது செங்காட்டுக்கோழி. ஆனா நம்ம பக்கமும் ஒரு பங்கு இருக்கு. அப்பத்தா வளர்த்த கோழிகள்ல பாதிக்கு மேல மஞ்சக்கால். செங்காட்டுக்கோழிக்கு மஞ்சத்தோல் கிடையாது. 2008ல ஸ்வீடன் விஞ்ஞானிகள் குழு ஒண்ணு மரபணுவை ஆராய்ஞ்சு, இந்த மஞ்சள் வந்தது பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியில இருந்துதான்னு கண்டுபிடிச்சாங்க. சாம்பல் காட்டுக்கோழி மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழ்ற பறவை. எப்பவோ ஒரு காலத்துல, காட்டோரத்துல இருந்த ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில ரெண்டும் கலந்திருக்கு. இன்னைக்கு உலகம் முழுக்க இருக்குற மஞ்சத்தோல் கோழிக்கெல்லாம் நம்ம பக்கத்துக் காட்டுல ஒரு பாட்டன் இருக்கான்!

சரி, தமிழ்ல கோழி எப்ப வருது? சங்கப் பாட்டுலயே வருது. சேவல்கொடி, கோழிச்சண்டை எல்லாம் நமக்குத் தெரியும். உறையூருக்கே கோழின்னு ஒரு பேரு உண்டு, யானையோட சண்டை போட்ட சேவலை வச்சுச் சொல்ற கதை. ஆனா நான் தேடினது வீட்டுக்கோழியை. கிடைச்ச இடங்கள்ல ரெண்டு என்னை அப்படியே உக்கார வச்சிடுச்சு.

ஒண்ணு பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்துல வீட்டு வாசல்ல தானியம் காயுது. கோழி வந்து கொத்துது. காவலுக்கு இருக்குற பொண்ணுங்க கையில கிடைச்ச கல்லை எடுக்காம, காதுல கிடக்குற கனமான குழையைக் கழட்டி எறியுறாங்க. அது வழியில கிடந்து, குழந்தைங்க உருட்டுற விளையாட்டுத் தேரோட சக்கரத்தைத் தடுக்குது. ஊரோட செல்வத்தைக் காட்டத்தான் புலவர் இப்படிப் பாடினார்னு உரை சொல்லும். எனக்கு அதுல தெரிஞ்சது, அந்தக் கோழி இன்னும் மாறவே இல்லைங்கிறதுதான். எங்க வீட்டு வாசல்ல நெல்லு காயும்போதும் இதே கூத்து. ஆனா அப்பத்தா எறியுறது விளக்குமாத்துக் கட்டையை.

இன்னொண்ணு குறுந்தொகை 139ஆம் பாட்டு. பாடினவர் ஒக்கூர் மாசாத்தியார். ஒரு பெண். சிவகங்கை பக்கத்துல இருக்குற ஒக்கூர்தான் அவர் ஊர்னு சொல்வாங்க, அதாவது எங்க ஊர்க்காரர்! பரத்தையர் வீட்டுக்குப் போயிட்டு வர்ற தலைவனைத் தோழி வாசல்லயே மறிச்சுப் பேசுற பாட்டு. ஊர்ல எழுந்த பேச்சுக்கு அவ சொல்ற உவமைதான் விஷயம். பொழுது சாயுது. வேலியோரம் காட்டுப்பூனை வந்து நிக்குது. குட்டைக்கால் பெட்டைக்கோழி ஒண்ணு அதைப் பார்த்துப் பதறி, குஞ்சுகளை ஒண்ணு சேர்க்கக் கத்துது. அந்தக் கத்தல் மாதிரி ஊரே பேசுதாம்.

கோழி வளர்த்தவங்களால மட்டும்தான் அப்படி ஒரு உவமையை எழுத முடியும். அந்தக் கத்தல் தனி. முட்டை போட்டுட்டுக் கொக்கரிக்கிற சத்தம் வேற, தீனி கண்டு குஞ்சைக் கூப்பிடுற சத்தம் வேற, பருந்துக்குக் கத்துறது வேற, பூனைக்குக் கத்துறது வேற. அடுப்படியில இருந்தே எங்க அப்பத்தா "கீரி வந்துருக்குடா, போய்ப் பாரு"ன்னு சொல்லும். போய்ப் பார்த்தா கீரிதான் இருக்கும்.

அந்தக் கொல்லையோட ஒரு நாளைக் கொஞ்சம் சொல்லணும் (கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க).

விடியக்காலையில வாசல் தெளிச்சதும் பஞ்சாரத்தைத் தூக்குறது. உள்ள தாய்க்கோழியும் குஞ்சும். பெரிய கோழிகள் ஆட்டுக்கொட்டகைச் சட்டத்துல அடையும், தானா இறங்கிடும். ஒரு கை குருணை போடுறதோட சரி, அதுக்கு மேல தீவனம் கிடையாது. மிச்சத்தை அதுங்களே பார்த்துக்கணும். மாட்டுச்சாணியைக் கிளறிப் புழு. மாடு தவிடு தின்னும்போது சிந்துறது. மாடு படுத்துக்கிட்டு கண்ணை மூடி இருக்கும், கோழி அது மேல உண்ணி பொறுக்கும். ஆடு மட்டும்தான் எதிரி, குருணையை ஒரே நக்குல காலி பண்ணிடும். மணின்னு ஒரு நாய். அது கோழியைத் தொடாது, ஆனா காக்கா இறங்கினா எழுந்து நிக்கும். ஒருத்தர் மிச்சம் இன்னொருத்தருக்குச் சாப்பாடு. வெளியில இருந்து வாங்குறது கிட்டத்தட்ட பூஜ்யம்.

அறுவடை முடிஞ்ச வயலுக்கு வாத்து மேய்க்கிறவங்க வருவாங்க. அவங்ககிட்ட அப்பத்தா நாலஞ்சு வாத்து முட்டை வாங்கும். அடைக்கோழிக்கு முதல்ல அதை வச்சு, ஏழு நாள் கழிச்சுக் கோழிமுட்டையைச் சேர்க்கும். வாத்து பொரிக்க 28 நாள், கோழிக்கு 21. எல்லாம் ஒரே நாள்ல பொரிக்கும். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா செஞ்ச ஷெட்யூலிங்! அப்புறம் வாத்துக்குஞ்சு கண்மாய்த் தண்ணியில இறங்கினதும் தாய்க்கோழி கரையில நின்னு படுற பாடு இருக்கே...

இனி காசு விஷயம். எங்க வீட்டுல நெல்லு வித்த காசு தாத்தாவோடது. மாடு வித்ததும் அவரோடது. கோழிக்காசு மட்டும் அப்பத்தாவோட சுருக்குப்பைக்குள்ள போகும், யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. நிறைய ஊர்ல இதுதான் வழக்கம். கோழியே இல்லாதவங்களுக்கும் வழி உண்டு, வாரத்துக்கு விடுறது. என் பெட்டையை நீ வளர்த்து அடை வை, பொரிச்ச குஞ்சுல பாதி உனக்குப் பாதி எனக்கு. கையில ஒரு பைசா இல்லாம ஒரு பொம்பளை தனக்குன்னு ஒரு சொத்தை ஆரம்பிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்கு நானும் அப்பாவும் சென்னை போனது அப்பத்தா மூணு கோழி வித்த காசுலதான். இப்பப் புரியுதா, ஏன் உறுத்துதுன்னு?

விழுப்புரம் மாவட்டத்துல அரசலாபுரம், இந்தளூர்னு ரெண்டு ஊர்ல கோழிக்கு நடுகல் இருக்கு. ஏறத்தாழ 1500 வருசப் பழசு. சண்டையில செத்த சேவலுக்குக் கல்லுல உருவம் செதுக்கி, எழுத்தும் வெட்டி வச்சிருக்காங்க. ஆச்சரியமான விஷயம்தான். ஆனா வருசம் முழுக்க முட்டை போட்டு, அடை உக்காந்து, குடும்பத்தை ஓட்டின பெட்டைக்கு நடுகல் ஒண்ணும் என் கண்ணுல படலை. மாசாத்தியார் பாட்டுல அது கத்துற சத்தம்தான் அதுக்கு நடுகல்.

அப்புறம் காலம் மாறிச்சு. வெள்ளை லெக்ஹார்ன் வந்தது. இத்தாலியில இருக்குற லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வச்ச பேருதான் லெக்ஹார்ன். நல்லா வளர்த்தா வருசத்துக்கு 300 முட்டை வரை போடும். நம்ம நாட்டுக்கோழி 60, 80 போட்டாலே பெரிசு. நாமக்கல் முட்டை ஊரானது இந்தப் பறவையாலதான். இதை நான் குறை சொல்ல மாட்டேன். சத்துணவுல 1989ல முட்டை வந்துச்சு, 2010ல வாரத்துக்கு அஞ்சுன்னு ஆச்சு. அரசுப் பள்ளியில படிச்ச நானும் அந்த முட்டையைத் தின்னு வளர்ந்தவன்தான். ஆனா அந்த 300 முட்டைக்கு ஒரு விலை இருக்கு. லெக்ஹார்னுக்கு அடை உக்காரத் தெரியாது. அந்தக் குணத்தைப் பார்த்துப் பார்த்துக் கழிச்சுட்டாங்க. அடை உக்காந்த கோழி அத்தனை நாளும் முட்டை போடாதே! அதனால அதைப் பொரிக்க மெஷின் வேணும், தீவனம் வாங்கணும், ஊசி போடணும். வாரத்துக்கு விட முடியாத கோழி அது.

கடைசியா, அந்தச் சீக்கு. கழிச்சல்னு கிராமத்துல சொல்றதுக்குப் புத்தகத்துல ராணிகேத் நோய்னு பேரு. 1926ல ஜாவாவுலயும் இங்கிலாந்துல நியூகாசில்லயும் முதல்ல பதிவானது. அடுத்த வருசம் குமாவோன் மலையில இருக்குற ராணிகேத்ல. உலகத்துல பெரும்பாலும் நியூகாசில் நோய், நமக்கு ராணிகேத். வந்துட்டா மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பூசிதான். நல்ல தடுப்பூசி எப்பவோ வந்தாச்சு. ஆனா ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல வரும், குளிர்லயே வச்சிருக்கணும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துல போட்டு முடிக்கணும். பதினேழு கோழியும் ஒரு மண்பானையும் வச்சிருக்குற அப்பத்தாவுக்கு அது எப்படிச் சரிப்படும்? பண்ணைக்காகச் செஞ்ச பொருளைக் கொல்லையில கொண்டுவந்து வச்சா இப்படித்தான். யூசரைப் பார்க்காம டிசைன் பண்றதுன்னு நம்ம தொழில்ல சொல்வோம்ல, அதே.

இதை யோசிச்சவங்களும் இருக்காங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல வெயில் தாங்குற ஐ-2 தடுப்பு மருந்தைக் கிராமத்துக்காகவே உருவாக்கினாங்க, கண்ணுல ஒரு சொட்டு விட்டாப் போதும். நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி மாதிரியே கொடுக்குற குருணை மருந்து செஞ்சிருக்கு.

ஆனா இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி அப்பத்தாகிட்ட இருந்த மருந்து ஒண்ணே ஒண்ணு. அந்தக் கயிறு. எட்டு நாள் தனியாக் கட்டி வச்சா, உள்ள சீக்கு இருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள வெளிய தெரிஞ்சிடும். போனா அந்த மூணோட போகும். "ஏன் கட்டணும்?"னு கேட்டா "எங்க ஆத்தா கட்டுச்சு, நானும் கட்டுறேன்"னுதான் சொல்லும். காரணத்தை மறந்தாலும் கயித்தை மறக்கலை. கமெண்ட் எழுதாத பழைய கோடுல, தேவையில்லைன்னு ஒரு வரியை அழிச்சுட்டு ப்ரொடக்‌ஷனை விழ வச்ச அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே?

எல்லாப் பழக்கத்துக்கும் இப்படிக் காரணம் இருக்கும்னும் சொல்ல வரலை. முட்டைக்கூடையில கரித்துண்டும் இரும்பும் போட்டா இடிக்குக் கெடாதுன்னும் அதே அப்பத்தாதான் சொல்லும். சோதிச்சுப் பார்த்துட்டு அறுக்கலாம். பாவமா இருக்குன்னு அறுக்கக் கூடாது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, பக்கத்து வீட்டு அத்தை ஒரு கருப்புப் பெட்டையை அப்பத்தாவுக்கு வாரத்துக்கு விட்டாங்க. எத்தனையோ பேருக்கு வாரத்துக்கு விட்ட அப்பத்தா, தன்னோட கடைசிக் காலத்துல வாரத்துக்கு வாங்குச்சு. முதல் அடையில ஒன்பது குஞ்சு. போன தடவை போனப்ப நானே பிடிச்சு ஒவ்வொண்ணுக்கா சொட்டு மருந்து விட்டேன். கருப்புப் பெட்டை என் கையைக் கொத்தி ரத்தம் வர வச்சிடுச்சு.

"அதுக்கு உன்னைத் தெரிஞ்சிருக்குய்யா"ன்னு சொல்லிட்டு அப்பத்தா சிரிச்சுச்சு. ஆறு வருசத்துல அது அந்த விஷயத்தைப் பத்திச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

உங்க ஊர்ல பஞ்சாரத்துக்கு என்ன பேரு? புதுக்கோழியைக் கட்டி வைப்பாங்களா, எத்தனை நாள்? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.