வெள்ளாவியிலிருந்து செமி ஆட்டோமேட்டிக் வரை

முட்டுக்காட்டுக்கு வர்றவங்க படகுத்துறையைப் பார்த்துட்டு அப்படியே தட்சிணசித்ராவுக்கும் போவாங்க. 1996-ல திறந்த இடம். தென் மாநிலங்கள்ல இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து அங்க திரும்பக் கட்டியிருக்காங்க. திண்ணையும் முற்றமும் பார்த்தா நமக்கு மனசு இளகிடுது. ஆனா வீட்டுப் பின்பக்கம் நிக்கிற 30 வருஷத்து வாஷிங் மெஷினை மட்டும் கிலோ கணக்குல காயலான் கடைக்குப் போட்டுடுறோம். அதுவும் சரித்திரம்தான்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி துவைக்கிற வேலை யார் தலையில இருந்துச்சு? எங்க பக்கம் ஏகாலின்னு சொல்ற வண்ணார் குடும்பங்கள் தலையில. உவர்மண்ணுல முக்கி, வெள்ளாவியில வேகவச்சு, ஏரிக்கரைக் கல்லுல அடிச்சுத் துவைப்பாங்க. கூலி, அறுவடைக்கு அறுவடை களத்துல அளக்கிற நெல்லு. சாதி கட்டிப்போட்ட வேலை அது. வேணாம்னு சொல்லிட்டுப் போயிட முடியாது. சென்னை வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்ல ஏத்தின துணியை வெளுத்துக் கொடுத்தவங்க அங்க குடியிருந்ததாலதான். பிறகு கட்டி சோப்பும் சோப்புத்தூளும் வந்துச்சு. துவைக்கிற கல்லு வீட்டுக் கிணத்தடிக்கு வந்துச்சு, அடிக்கிற வேலை பொம்பளைங்களுக்கு வந்துச்சு.

அமெரிக்காவுல 1900-களோட தொடக்கத்துலேயே கரண்ட்ல ஓடுற மெஷின் விற்பனைக்கு வந்தாச்சு. நம்ம ஊர் நடுத்தர வீடுகளுக்கு அது எட்டினது 1980-களோட கடைசியிலதான். இதுல நம்ம கடற்கரைக்கும் பங்கு உண்டு. முட்டுக்காட்டுல இருந்து ஈசிஆர்ல தெற்கே போனா வர்ற புதுச்சேரியில, டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவோட வேர்ல்பூலும் கூட்டு சேர்ந்து வாஷிங் மெஷின் தொழிற்சாலை தொடங்கினாங்க. 1995-ல அந்தக் கூட்டு நிறுவனத்துல பெரும்பங்கு வேர்ல்பூல் கைக்குப் போயிடுச்சு.

அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு வந்தது ரெண்டு தொட்டி வச்ச செமி ஆட்டோமேட்டிக். கிராமத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். குழாய்ல தண்ணி வேகமா வரணும்னு கேக்காது, கிணத்துத் தண்ணியை பக்கெட்ல மொண்டு ஊத்தினாப் போதும். ஒரே சோப்புத் தண்ணியில முதல்ல வெள்ளை, அடுத்து கலர், கடைசியா வயக்காட்டுச் சேறு படிஞ்ச துணின்னு மூணு தடவை ஓட்டலாம். எங்க வீட்ல அப்படித்தான் ஓடுது.

உள்ளே பெரிய ரகசியம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு கெப்பாசிட்டர், சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்ல ஓடுற டைமர். துணி சுத்தலைன்னா பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். மோட்டார் போல்ட்டை இளக்கி, கொஞ்சம் பின்னால இழுத்து முடுக்கினா சரியாயிடும். மோட்டார் உறுமுது, ஆனா சுத்தலைன்னா கெப்பாசிட்டரைப் பாருங்க. (பிளக்கைப் புடுங்கிட்டுதான் கை வைக்கணும், கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், அதைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க.) எங்க ஊர்ல மெஷினுக்கு எமன் ரெண்டு பேரு: அடித்தகட்டைத் தின்னுற உப்புக்காத்து, வயரைக் கடிக்கிற எலி. அடியில கம்பி வலை கட்டி, மெஷினைப் பலகை மேல ஏத்தி வச்சா ரெண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

புது மெஷின்ல போர்டு போச்சுன்னா முழு போர்டையும் மாத்தச் சொல்றாங்க. அந்த விலைக்குப் பயந்தே பாதிப் பேர் வேற மெஷின் வாங்கிடுறாங்க. இதனால பழைய டைமரைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்குங்களுக்கு வேலை குறைஞ்சுபோச்சு. அவங்க பசங்க அந்தத் தொழிலுக்கு வரலை.

அதனால உங்க வீட்ல பழைய மெஷின் இருந்தா, முதல்ல பக்கத்துல இருக்கிற பழைய மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவர் முடியாதுன்னா, ஓடாத இன்னொண்ணுக்கு உதிரியாவாவது கொடுங்க. அதுக்கும் வழியில்லைன்னா, 2012 மே மாசத்துல இருந்து வாஷிங் மெஷினும் மின்கழிவு விதிகளுக்குள்ள வருது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்ககிட்ட ஒப்படைங்க. ஏரிக்கரையில மட்டும் கொட்டிடாதீங்க, அந்தத் தண்ணியிலதான் நாங்க நெல்லு போடுறோம்.