கல்லடைப்பும் குடநீர் உவமையும்

கல்லடைப்பு என்னும் தமிழ்ச்சொல் இருபொருளை ஒருங்கே உணர்த்துவது. கல் என்பது உடலுள் தோன்றிய பொருள். அடைப்பு என்பது அது நீர்வழியிற் செய்யும் தீங்கு. வடமொழியார் இந்நோயை அச்மரி என்பர். அதுவும் கல்லைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்ததே. பெயர் தெளிவாயினும், நீரிலிருந்து கல் எங்ஙனம் தோன்றும் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இதற்கு முன்னோர் தந்த விடையையும் பின்னோர் கண்ட விடையையும் ஈண்டு ஒப்புநோக்குவாம்.

சுசுருத சங்கிதை, நிதானப் பகுதியில் இதனை ஓர் உவமையால் விளக்குகின்றது. புதுக்குடத்தில் தெளிந்த நீரையே பெய்து வைப்பினும் நாளடைவில் அடியிற் சேறு படியும். நீர்ப்பையிற் கல் தோன்றுவதும் அவ்வாறே என்பது அதன் கருத்து. தெளிந்த நீர் என்றமை நோக்கத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாது கரைந்துள்ள பொருளே பின்னர்த் திரண்டு படிகின்றது என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது. மேலும், வாதத்தாலாகிய கல் கடப்பம்பூப் போல முள் நிறைந்தது எனவும் அந்நூல் கூறும்.

ஐரோப்பியரும் முசுக்கட்டைப் பழம் போன்ற கரடுமுரடான கல்லைத் தனிவகையாக அறிந்திருந்தனர். அது கால்சியம் ஆக்சலேட்டால் ஆயது என்பதை 1797-இல் வொல்லாஸ்டன் புலப்படுத்தினார். அதற்கு முன் 1776-இல் ஷீலே நீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக அமிலத்தைப் பிரித்தறிந்தார். 1810-இல் வொல்லாஸ்டன் பிறிதொரு கல்லிற் கண்ட பொருளே பின்னாளிற் சிஸ்டின் எனப் பெயர் பெற்றது. கல் என ஒரு பெயரால் வழங்கியது பலவேறு பொருள்களின் திரட்சி என்பது இவற்றால் உறுதியாயிற்று.

இவற்றைக் கொண்டு, இன்றைய வேதியியல் முழுவதும் பண்டை நூலில் உண்டு எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. கடப்பம்பூ உவமை கல்லின் புறவடிவைக் காட்டுமேயன்றி அதன் அகப்பொருளைக் காட்டாது. குடநீர் உவமை கூறுவது நீர்ப்பைக் கல்லை. இன்று பெரிதும் காணப்படுவதோ சிறுநீரகக் கல். அன்றியும், நீர் தேங்கிப் படிதலே காரணமாயின் யாவர்க்கும் கல் தோன்றுதல் வேண்டும், அங்ஙனம் தோன்றுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டைப் பிற்கால ஆராய்ச்சியே நீக்கிற்று. கரையத்தக்க அளவினும் மிகுதியாகக் கால்சியம் ஆக்சலேட்டு நலமுடையார் சிறுநீரிலும் பெரும்பாலும் கரைந்துள்ளது. எனினும் சிட்ரேட்டு முதலியன கால்சியத்தைப் பிணித்துப் படிகம் வளர்வதைத் தடுக்கின்றன. தோன்றும் நுண்படிகங்களும் நீரோட்டத்தில் வெளியேறுகின்றன. நீர் குறைந்தோ, கல்லாகும் பொருள் மிகுந்தோ, தடைப்பொருள் குன்றியோ இச்சமநிலை கெடின் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். அவை நிலைத்து வளர்வதற்கு ஒரு பற்றுக்கோடும் வேண்டும். சிறுநீரகக் காம்பில் அமையும் சுண்ணப் படிவு அத்தகையது என்பதை 1937-இல் ராண்டால் எடுத்துக்காட்டினார். உணவின் தொடர்பை நம் நாட்டிலேயே மக்காரிசன் ஆராய்ந்தார். குன்னூரில் அவர் உயிர்ச்சத்து ‘ஏ’ குன்றிய உணவை எலிகளுக்கு அளித்து நீர்ப்பையிற் கல் தோன்றுவதை 1927-இல் வெளியிட்டார்.

ஆகவே, கரைந்தது படியும் என்பதைப் பண்டையோர் கண்டனர். எப்பொழுது படியும், ஏன் சிலர்க்கே நிலைக்கும் என்பவற்றைப் பின்னோர் கண்டனர். முன்னதைக் குறைத்தலும் பின்னதை முன்னதனுள் ஏற்றியுரைத்தலும் வரலாற்று நெறிக்கு ஒவ்வா. பண்டை மருத்துவ நூல்களை ஆராயப் புகுவார், உவமை எதனை விளக்குகின்றது என்பதோடு எங்கு நின்றுவிடுகின்றது என்பதையும் வரையறுத்தல் இன்றியமையாதது என்க.