பழைய உடலும் புதிய எஞ்சினும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலச் சாரல் எட்டிப் பார்க்கும் தொலைவில் அமைந்திருக்கும் ஊர் பண்பொழி. இங்கிருந்து மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கு ஏறும் மலைப் பாதையும், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவைக் கடந்து புனலூருக்குச் செல்லும் சாலையும் மோட்டார் வண்டியின் தரத்தை உரைத்துப் பார்க்கும் கற்கள் எனலாம். திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ஓரிரண்டு ஆண்டுகளுக்குள், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், நம் நாட்டுச் சாலைகளை அரை நூற்றாண்டுக் காலம் ஆளப்போகும் வண்டி ஒன்று உருவாகி வெளிவந்தது. அதுவே அம்பாசிடர். மாப்பிள்ளை ஊர்வலத்திற்கும், பொட்டல்புதூர் கந்தூரிக்கும், குற்றாலக் குளியலுக்கும், பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனையில் கொண்டு சேர்ப்பதற்கும் இவ்வட்டாரம் நெடுங்காலம் நம்பியிருந்தது அதனைத்தான்.

அந்த வண்டியை இன்றும் கைவிடாதவர்கள் உள்ளனர். அவர்களுள் ஒரு சாரார் அதற்குப் புதிய எஞ்சின், புதிய பிரேக், குளிர்சாதனம் எல்லாம் பொருத்தி ஓட்டுகின்றனர். மற்றொரு சாரார், ஒரு திருகாணியை மாற்றினாலும் அது அம்பாசிடர் ஆகாது என வாதிடுகின்றனர். இருவர் கூற்றிலும் உள்ள நியாயத்தை எடைபோட வேண்டுமாயின், அந்த வண்டியின் வரலாற்றை முதலில் காண வேண்டும்.

அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனை இங்கே செய்யத் தொடங்கியபோது உள்ளே வைத்தது 1476 சி.சி. கொண்ட பக்க வால்வு எஞ்சின். 1959-இல் அது போய், வால்வுகள் மேலே அமைந்த 1489 சி.சி. எஞ்சின் வந்தது. 1980-ஐ ஒட்டி டீசல் எஞ்சின் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் வடிவமைப்பிலான 1800 சி.சி. எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர்க் கம்பி தரைக்கு இறங்கியது. இடையிடையே வந்த மார்க் 2, மார்க் 3, மார்க் 4 ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; முகப்புச் சல்லடையை மாற்றிவிட்டுப் புதிய வண்டி என விளம்பரம் செய்த காலம் அது. ஆக, மாறாத பழமை என நாம் போற்றும் இவ்வண்டியின் இதயத்தை அதன் தொழிற்சாலையே பலமுறை மாற்றியிருக்கிறது.

தொழிற்சாலை செய்வதற்கு முன்னரே பட்டறைகள் செய்ததும் உண்டு. 1973-இல் உலகைத் தாக்கிய எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வயிற்றில் அடித்த அடி. மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினைக் கழற்றி அம்பாசிடரிலும் ஜீப்பிலும் ஏற்றும் கலை இப்படித்தான் நாடெங்கும் பரவிற்று. வரைபடமோ பொறியியல் பட்டமோ இல்லாத மேஸ்திரிகள், எஞ்சின் தாங்கும் கட்டைகளைப் புதிதாக வெட்டி, கியர் பெட்டியோடு இணைக்கும் தகட்டை லேத்தில் கடைந்து இதைச் சாதித்தனர். அவர்களுடைய திறமையை எந்த நூலும் பதிவு செய்யவில்லையே என்பது நமது ஆதங்கம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் நடந்தது. அங்கே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் எனப் பரிசு பெற்ற அழகிய வடிவம். இங்கிலாந்தில் அது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சினோடு ஓடத் தொடங்கிய வண்டி. இங்கேயோ அதனுள் வைக்கப்பட்டது, 1940-களின் இறுதியில் வந்த வான்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின். அத்தனை பெரிய உடலை அந்தக் கிழ எஞ்சினால் இழுக்க இயலவில்லை. மாருதி போன்ற சிக்கனமான வண்டிகள் வந்துவிட்ட காலமும் அது. 1988-இல் உற்பத்தி நின்றது. பழைய உடலில் புதிய எஞ்சின் வைத்தவன் பிழைத்தான். புதிய உடலில் பழைய எஞ்சின் வைத்தவன் கடையைக் கட்டினான்!

ஆயினும், புதிய எஞ்சினை ஏற்றிவிட்டால் போதும் என எண்ணுவதும் ஆபத்தே. மேக்கரைப் பாதையில் ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது பிரேக்கின் வேலை. அம்பாசிடரின் பழைய டிரம் பிரேக் மூடிய பாத்திரம் போன்றது. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் உள்ளே எழும் சூடு வெளியேற வழியின்றித் தேங்கும். லைனிங் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் வண்டி நில்லாது. டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றுப்படத் திறந்திருப்பதால் சூடு விரைவில் ஆறுகிறது. எனவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் வாக்குவம் பூஸ்டரும் வைத்த பின்னரே கூடுதல் குதிரைத் திறனைப் பற்றி நினைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஆற்றல் இருமடங்கு, நிறுத்தும் திறன் பழையபடி என்றால் அது முன்னேற்றமாகுமா?

அடுத்தது மின்சாரம். பழைய டைனமோ, வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பேட்டரிக்கு ஏறக்குறைய எதையும் தராது. மழையிரவில் முன்விளக்கு, வைப்பர், குளிர்சாதன விசிறி அனைத்தும் ஒருசேரக் கேட்டால் அது கையை விரித்துவிடும். ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் மின்சாரம் தரும். பாயிண்டுகளுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் சாரல் காலத்து அதிகாலையில் வண்டியைத் தள்ளிவிட ஆள் தேட வேண்டியதில்லை. இவையெல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவை. உடலை அறுக்காமல், சேஸிஸில் புதிய துளை போடாமல் செய்யும் இத்தகைய மாற்றங்களுக்கு எதிராக நியாயமான வாதம் எதுவும் நமக்குத் தென்படவில்லை.

தூய்மைவாதிகள் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. வண்டி மாறாவிடினும் அது குடிக்கும் எரிபொருள் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்துவந்தது அந்த ஈயமே. அது போனபின், கெட்டியான இருக்கை வளையங்களைப் பொருத்தியாக வேண்டும். இப்போது பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளையும் அது அரிக்கக்கூடியது. ஆதலால் எதையுமே மாற்றமாட்டேன் என்பவரின் வண்டி நாளடைவில் கொட்டகைக்குள்தான் நிற்கும்.

நம் கடற்கரையில் மரக்கலம் ஓட்டியவர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று. பலகை இற்றால் பலகையை மாற்றினர். பாய்மரம் மட்டுமே கொண்டிருந்த தூத்துக்குடித் தோணிகளில் பிற்காலத்தில் எஞ்சினையும் ஏற்றினர். தோணி என்னும் பெயர் போய்விடவில்லை. இன்று மேல்நாட்டிலும் இதுவே வழக்கமாகி வருகிறது. 2018-இல் இங்கிலாந்தின் அரச குடும்பத் திருமணத்தில் மணமக்கள் ஏறிச் சென்ற 1968-ஆம் ஆண்டு ஜாகுவார் கார், பெட்ரோல் எஞ்சின் அகற்றப்பட்டு மின்சாரத்தில் ஓடியது, மாற்றியது அந்நிறுவனமேதான்.

நம் நாட்டுச் சட்டம் வேறு வகையில் பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2000-இல் திருத்தப்பட்டபின், உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பேட்டரி, எரிவாயு போன்ற வேறு ஆற்றலுக்கு மாற்றுவதற்கு மட்டும், அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுதியைப் பொருத்தும் நிபந்தனையோடு சட்டம் வழிவிடுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணுமாக ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீடு கேட்டு நிற்பவரின் நிலை பரிதாபத்துக்குரியது. மேஸ்திரியின் கைத்திறன் அங்கே சாட்சி சொல்லாது.

2021-இல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. கட்டணம் இருபதாயிரம் ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அதை ஓட்டலாகாது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அந்தப் பெயரை 2017-இல் எண்பது கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பூஜோ வாங்கிக்கொண்டது. 1975-இல் வந்த மார்க் 3 வண்டிகள் 2025-இல் ஐம்பதைத் தொட்டுவிட்டன. உழைத்துத் தேய்ந்து, எஞ்சின் மாற்றி ஓடிய வண்டிக்கு அந்தப் பதிவு கிட்டாது. ஓடாமல் தூசி படிந்து நின்றதற்குக் கிட்டும். ஆதலின், அம்பாசிடரின் எஞ்சினை மாற்ற விரும்பும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: முதலில் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள், கழற்றிய பழைய எஞ்சினைக் காயலான் கடைக்கு எடை போடாதீர்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி, துளைகளை அடைத்து, சாக்கில் சுற்றி, ஈரம் படாத மரப்பலகையின்மேல் வையுங்கள். அதன் பக்கவாட்டில் பொறித்த எண் துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி வையுங்கள்.