வரப்பிலிருந்து ஆய்வகத்துக்கு: கல்லீரல் நோய் ஆய்வில் கீழாநெல்லி (1982–2011)

முன்னுரை

அரசலாறு பாயும் காரைக்கால் வட்டாரத்தில் மழை பெய்தால் வரப்பிலும் கொல்லையிலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். மஞ்சள்காமாலை கண்டவருக்கு அதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பில்லாப் பத்தியம் வைப்பதும் இங்கும் அண்டையிலுள்ள நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளிலும் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தை நவீன நுண்ணுயிரியலின் சோதனைக்கு உட்படுத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அவர் தொடங்கிய ஆய்வு உயர்ந்த விதத்தையும் தடைப்பட்ட விதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இம்மூலிகையின் உண்மையான இடம் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இயல்பு

காமாலை ஓர் அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான நீர், உணவு வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அந்த வாரங்களில் எந்தச் சாறு குடித்தாலும் குணமான பெருமை அந்தச் சாற்றுக்கே போய்ச்சேரும். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியே தொற்றும் ஹெபடைடிஸ் பி வேறு வகை. வளர்ந்தவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் அதை வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போது தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படுவது இந்தத் தங்கிய தொற்றுதான். தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் பீஸ்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இத்தொடர்பை உறுதிப்படுத்தியது.

சென்னையும் பிலடெல்பியாவும்

1982இல் தியாகராஜனும் உடன் உழைத்தோரும், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஆன்டிஜெனைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதாக அறிவித்தனர். இந்த ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க், பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்தார். அங்கே வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் மூவரும் வுட்சக் என்ற கொறிவிலங்கில் சாற்றைச் சோதித்தனர். இவ்விலங்கைத் தாக்கும் வைரஸ் மனித வைரஸுக்கு உறவானது; கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்குவது. 1987இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தந்தன.

அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் தியாகராஜன் குழுவும் பிளம்பர்க்கும் இணைந்து எழுதிய கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நாள்பட்ட தொற்றுள்ளோருக்கு 30 நாள் மூலிகை கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்திருந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. தாமாகக் குணமாகக் கூடியவர்களை விட்டு, நோய் தங்கியவர்களிடமே மருந்தைச் சோதித்தது இவ்வாய்வின் துணிவு. இது முதற்கட்ட முடிவே என்பதையும் ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

மறுசோதனை

1990இல் தாய்லாந்தில் நடந்த சோதனையில் அப்பலன் கிட்டவில்லை. நெதர்லாந்து, நியூசிலாந்து ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. செடியின் அடையாளமே முதலில் குழப்பமாக இருந்தது: தொடக்கக் கட்டுரைகளில் பிலாந்தஸ் நிரூரி எனப்பட்டது, பின்னர் பிலாந்தஸ் அமாரஸ் எனத் திருத்தப்பட்டது. விளையும் மண், பறிக்கும் பருவம், பதப்படுத்தும் முறை ஆகியவற்றால் சத்து மாறுபடுவதும் மூலிகை ஆய்வுகளில் எப்போதும் எழும் சிக்கல். ஆயினும் 2011இல் 16 சோதனைகளை, 1,326 நோயாளிகளின் தரவுகளை அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, போலி மருந்தைவிட இம்மூலிகை மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என முடிவு கூறியது.

இதனால் அவ்வாய்வு வீணாகிவிடவில்லை. 1996இல் தியாகராஜனும் நியூயார்க் ஆய்வாளர்களும், சாறு வைரஸின் மரபுச்செய்தி படியெடுக்கப்படுவதைக் குறைப்பதாக உயிரணு அளவில் காட்டினர். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தில், வேதிப்பொருளால் கல்லீரல் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளின் ஆயுளை இச்சாறு நீட்டித்ததாக 2000இல் பதிவானது. எலியிலும் உயிரணுவிலும் கண்டதை மனிதருக்குச் சிகிச்சை எனக் கொள்ள முடியாது. ஆனால் மூலக்கூறு தேடுவோருக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

முடிவுரை

கல்லீரல் புற்றைக் கண்கூடாகக் குறைத்தது பிளம்பர்க், மில்மன் வகுத்த வழியில் பிறந்த தடுப்பூசி. 1984இல் அதைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய தைவானில் சிறார் கல்லீரல் புற்று குறைந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசி இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்திலும் இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகத் தருகிறது. மரபை மதித்து, அதையே கடும் சோதனைக்கு உட்படுத்தி, எதிரான முடிவையும் அறிவாக ஏற்பது இந்த ஆய்வு வரலாறு விட்டுச்சென்ற நெறி. அந்நெறிப்படி, காரைக்காலில் காமாலை கண்டவர் கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணின் மஞ்சள் மறைந்துவிட்டது என்பதற்காக வைரஸும் மறைந்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.