மாஞ்சோலை: குத்தகைச் சீட்டில் இல்லாத பெயர்கள்

2024 ஜூலை 23 அன்று நெல்லை தாமிரபரணியில் மலர் தூவிவிட்டு, மறுநாள் காலை தோழர்கள் நான்கு பேர் மாஞ்சோலைக்குப் புறப்பட்டோம். கல்லிடைக்குறிச்சி தாண்டி, மணிமுத்தாறு அணையைக் கடந்து, வனத்துறை சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே ஏற வேண்டும். ஏற ஏறக் காற்று குளிர்கிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகத் தேயிலை ஊர்கள். சுற்றுலா வருகிறவர்கள் பச்சையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்தப் பச்சை யார் உழைப்பு என்று கேட்பவர் குறைவு.

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் மலையை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. ஜமீன் வாரிசு சிக்கிய கொலை வழக்குச் செலவால் வந்த கடனுக்காகத்தான் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எப்படியானாலும் சீட்டில் இருந்தவை இரண்டே பெயர்கள். கொடுத்தவர் ஜமீன், வாங்கியவர் கம்பெனி.

ஆனால் மலைக்குப் போய்க் காட்டை வெட்டியது இருவரும் இல்லை. நெல்லைச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டிவரப்பட்ட கூலிகள் வெட்டினார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கீழே பண்ணையாரின் வயலில் நிலமில்லாமல் உழைத்தவர்கள், மேலே கம்பெனியின் தோட்டத்தில் நிலமில்லாமல் உழைத்தார்கள். அட்டைக் கடியிலும் மலைக் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

பிறகு 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. மற்ற இடங்களில் ஜமீன் நிலத்தை உழுத குடிகளுக்குப் பட்டா கிடைத்தது. மாஞ்சோலையில் ஜமீன் போய் அரசாங்கம் நில உடைமையாளர் ஆனது. கம்பெனியின் குத்தகை அப்படியே தொடர்ந்தது. காட்டைத் திருத்தியவர்கள் சட்டத்தின் கண்ணில் குடிகள் அல்ல, கூலிகள். நிலச் சீர்திருத்தம் என்று நாம் பெருமையாகப் பேசுவது எந்த வாசற்படியில் நின்றுபோனது என்பதற்கு இந்த மலையே சாட்சி.

கூலி உயர்வு கேட்டபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. போராடிய தொழிலாளர்கள் 652 பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. உயிர் பிழைக்க ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரித்த மோகன் ஆணையம், அதில் 11 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. அவர்களை ஆற்றுக்குள் துரத்தியது யார் என்ற கேள்வி 25 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது.

இப்போது குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. அதை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கு போடப்பட்டது. லைன் வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

நாங்கள் போன வீட்டில் ஓர் அம்மா கட்டங்காப்பி கொடுத்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்திருந்தது. "எங்க தாத்தா வந்த எடம்யா இது. நான் பொறந்ததும் இந்த லைன்லதான். கீழ எறங்கிப் போன்னு சொல்லுதாங்க. கீழ எங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு கிடையாது. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பகுதி. தாமிரபரணிக்கு நீர் தரும் மலை. ஆனால் ஒரு கேள்வி. கம்பெனி லாபம் பார்த்த 95 ஆண்டுகளும் இந்த மக்கள் தொழிலாளர்கள். கம்பெனி கிளம்பியதும் அவர்கள் எப்படி ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்?

2006 வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர்கள் உரிமை கேட்க, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930 வருகிறது. குத்தகை 1929. முதலில் வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தோட்டக் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதிடுகிறார்கள். ஜமீன் ஒழிப்பின்போது சொன்ன அதே சொல்தான். அன்றும் கூலி, இன்றும் கூலி.

நம் கோரிக்கை எளிது. மலையிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு அங்கே வாழும் உரிமை வேண்டும். இறங்க விரும்புகிறவர்களுக்குக் கீழே வீடு மட்டும் போதாது, பயிர் செய்ய நிலமும் வேண்டும், பட்டா பெண்கள் பெயரில் வேண்டும். நான்கு தலைமுறை உழைப்புக்கு இது சலுகை அல்ல, பாக்கி. ஒருமுறையாவது மாஞ்சோலைச் சீட்டில் இந்த மக்களின் பெயர் எழுதப்படட்டும்.