45 நாள் எதற்கு? தனியாள் துப்பாக்கி விற்பனையும் ஆயுதச் சட்டத்தின் 5(2) பிரிவும்

உரிமம் பெற்றுச் சொந்தப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்கலாமா? விற்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆயுத வணிகத்துக்கு உரிமம் கட்டாயம் என்று முதல் உட்பிரிவில் விதித்துவிட்டு, இரண்டாம் உட்பிரிவில் தனியாளுக்கு வழிவிடுகிறது. வாங்குபவர் அந்த ஆயுதத்தை வைத்திருக்கத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். அதோடு, விற்பவர் தம் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் அதிகார வரம்புள்ள மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபின் 45 நாளாவது கழிய வேண்டும். ஆணையர் உள்ள மாநகரங்களில் மாவட்ட நடுவர் என்ற சொல் காவல் ஆணையரையே குறிக்கும்.

பிரிவு கேட்பது தகவல் மட்டுமே, அனுமதி அன்று. அப்படியானால் அந்த 45 நாளில் அரசு என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பிரிவில் விடை இல்லை. விடையைச் சட்டத்தின் வேறோர் இடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவையென்றால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் 17ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. வாங்குபவர்மேல் புதிதாக வழக்கு ஏதும் உண்டா, அவர் உரிமம் இன்னும் செல்லுமா என்று பார்த்து, வேண்டுமானால் தடுப்பதற்கான அவகாசமே இந்த 45 நாள் என்று கொண்டால்தான் பிரிவுக்குப் பொருள் இருக்கும்.

ஆனால் அந்த அதிகாரியின் மேசைக்குத் தகவல் போய்ச் சேருகிறதா? தேனியில் ஒருவர் தம் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியை நீலகிரித் தோட்டக்காரர் ஒருவருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் துப்பாக்கியின் தயாரிப்பு, குழலில் பொறித்த எண், தம் உரிம எண், வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் எழுதித் தம் ஊர்க் காவல் நிலையத்தில் கொடுக்கிறார். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்கிறார். ‘அருகிலுள்ள’ என்றால் யாருக்கு அருகில் என்று பிரிவு சொல்லாததால், சொல்லளவில் அவர் கடமை முடிந்தது. தோட்டக்காரரின் உரிமமோ உதகமண்டலத்தில் வழங்கப்பட்டது. அதை ரத்து செய்யக்கூடிய அதிகாரிக்குத் தேனியில் முத்திரையிட்ட தாளைப் பற்றித் தெரிந்தாக வேண்டும் என்று பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 45 நாள் ஓடிவிடும்; பார்க்க வேண்டியவர் பார்த்திருக்க மாட்டார்.

இதைவிட எனக்கு உறுத்துவது, வாங்குபவரின் உரிம எண்ணைப் பிரிவு கேட்காததுதான். அவரைத் தகுதியுள்ளவர் ஆக்குவது உரிமம். பெயரும் முகவரியும் அதற்கு ஈடாகா. இந்தக் குறை வெறும் எழுத்துக்குறை அன்று. எதிரில் இருப்பவர் தகுதியுள்ளவர்தானா என்று முன்கூட்டியே உறுதிசெய்யாமல் ஆயுதத்தை ஒப்படைப்பது 29ஆம் பிரிவின்படி குற்றம். 5ஆம் பிரிவை மீறி விற்றால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை நீளலாம். இவ்வளவு பாரத்தை விற்பவர் தோளில் வைத்த சட்டம், அவர் உறுதிசெய்துகொள்ள ஒரு கருவியும் தரவில்லை. காட்டப்படும் உரிமப் புத்தகம் நேற்று ரத்தானதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இதே கேள்வியை வேறு விதமாகக் கையாண்டு சிக்கிக்கொண்டது. 1993ஆம் ஆண்டு பிரேடி சட்டத்தின் பின்னணிச் சோதனை உரிமம் பெற்ற வணிகரைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஒரே மாநிலத்துக்குள் தனியாள் தனியாளுக்கு விற்கும்போது, வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று விற்பவருக்குத் தெரிந்திருந்தாலோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தாலோதான் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனியாள் விற்பனையையும் வணிகர் வழியாகத் திருப்பிவிட்டன. டெக்சாஸில் அந்தக் கட்டாயம் இல்லை. 2014இல் சோதனையில் தேறாத ஒருவர் பிறகு தனியாளிடம் துப்பாக்கி வாங்கி, 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 7 பேரைச் சுட்டுக்கொன்றார். அங்கே பதிவேடு சரியாக இருந்தும் விற்பனை அதைத் தொடாமலே நடந்தது. நம் சட்டம் தகவலைக் கட்டாயமாக்கி ஒருபடி முன்னே நிற்கிறது. ஆனால் அந்தத் தகவல் பதிவேட்டைத் தொடாவிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

பதிவேடு நம்மிடம் இருக்கிறது. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் உண்டு. 5(2) பிரிவைத் திருத்தி, தகவல் தாளில் இருவரின் அடையாள எண்ணையும் கட்டாயமாக்கலாம். தாள் இரு உரிம அதிகாரிகளுக்கும் செல்ல வேண்டும் என்றும், வாங்குபவரின் அதிகாரி 45 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்றும் விதிக்கலாம். பதில் கட்டாயமானால் தகவல் அனுமதியாகிவிடும், கோப்பு மாதக்கணக்கில் தூங்கும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே கெடு தாண்டியும் பதில் வராவிட்டால், இன்று போலவே விற்பவர் துப்பாக்கியை ஒப்படைக்கலாம் என்பதே இருக்கட்டும். அப்போது வாங்குபவரின் தகுதியை உறுதிசெய்யவில்லை என்ற குற்றச்சாட்டு அவர்மேல் எழக்கூடாது. ஏன் பதில் தரவில்லை என்று விளக்க வேண்டியவர் அந்த அதிகாரி.